மீன் தீவனத்தில் பூண்டு, மஞ்சள், கீழாநெல்லி: வாசகர் கேள்வி – பதில்

ஆனேக்கல், ஹொஸ்கோட்டே, தொட்டபள்ளாபுரா பக்கம் மீன் வளர்க்கும் நம் வாசகர்களிடமிருந்தும், பெங்களூரு மாடிகளில் கொய், கோல்டு ஃபிஷ் வைத்திருப்பவர்களிடமிருந்தும் மூலிகைத் தீவனம் பற்றித் தொடர்ந்து கேள்விகள் வருகின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டோம். கீழே 'கிலோவுக்கு இத்தனை கிராம்' என்று வரும் இடங்களில் எல்லாம், ஒரு கிலோ உலர் தீவனத்துக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 16 குண்டெ (0.16 ஹெக்டேர்) குளத்தில் கட்லா, ரோகு கலந்து 800 மீன் விட்டிருக்கிறேன். இப்போது ஒவ்வொன்றும் கால் கிலோ இருக்கும். மிதவைத் தீவனம்தான் போடுகிறேன். பூண்டு கொடுத்தால் நோய் அண்டாது என்கிறார்கள். ஒருவர் 'ஒரு கைப்பிடி' என்கிறார், இன்னொருவர் கிலோவுக்கு 100 கிராம் என்கிறார். எதைக் கேட்பது? எப்படிக் கலப்பது? – ஆனேக்கல் வாசகர்

பதில்: இரண்டையும் கேட்க வேண்டாம். கைப்பிடி ஆளுக்கு ஆள் மாறும். 100 கிராம் என்பது தேவையைப் போல ஏழு மடங்கு. உலர்ந்த பூண்டுத் தூள் என்றால் கிலோவுக்கு 5 கிராம் போதும். பச்சைப் பூண்டில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தான். அதனால் உரித்த பச்சைப் பற்களாக எடுத்தால் கிலோவுக்கு 13 முதல் 15 கிராம்.

உங்கள் குளத்துக்குக் கணக்குப் போடுவோம். 800 மீன், தலைக்கு 250 கிராம். மொத்த எடை 200 கிலோ. அதில் இரண்டரை சதவீதம் நாள் தீவனம் என்றால் 5 கிலோ. ஆக ஒரு நாளைக்கு உரித்த பூண்டு 65 முதல் 75 கிராம். இதற்கு மேல் போட்டால் காரமும் நெடியும் ஏறி மீன் தீவனத்தைத் துப்பும். துப்பிய தீவனம் அடியில் மக்கி அமோனியாவாகும். நோயைத் தடுக்கப் போட்ட பூண்டே நோய்க்கு வழி விடும்.

கலக்கும் முறையில்தான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள். முழுப் பல்லில் மருந்துச் சத்து தயாராக இல்லை. பல்லை நசுக்கும்போதுதான் அதிலுள்ள ஒரு நொதி வேலை செய்து அல்லிசின் என்ற சத்தை உண்டாக்குகிறது. அந்த நெடிதான் அல்லிசின். பூண்டை வேகவைத்து அரைத்தால் நொதி செத்துவிடும், மணம் மட்டும் மிஞ்சும். ஆகவே பச்சையாக நசுக்கி, பத்து நிமிடம் அப்படியே வைத்துவிட்டு, பிறகு அரையுங்கள்.

ஒரு கிலோ தீவனத்துக்கு: 15 கிராம் பூண்டை நசுக்கி வைத்து, 20 மில்லி தண்ணீர் விட்டு மைய அரையுங்கள். தனியாக, 5 கிராம் மைதாவை 30 மில்லி தண்ணீரில் கரைத்துக் காய்ச்சிக் கூழாக்கி ஆறவிடுங்கள். விரலை வைத்தால் சூடே தெரியக் கூடாது. கூழில் விழுதைக் கலந்து, அகன்ற தாம்பாளத்தில் பரப்பிய தீவனத்தின் மேல் தெளித்தபடி கையால் புரட்டுங்கள். 15 நிமிடம் நிழலில் காயட்டும். கடைசியாக 10 மில்லி கடலை எண்ணெயோ மீன் எண்ணெயோ விட்டு இன்னொரு முறை புரட்டுங்கள். இந்த எண்ணெய்ப் பூச்சுதான் தண்ணீரில் சத்து கரைந்து போவதைத் தடுக்கிறது. எண்ணெயை முதலில் விட்டால் கூழ் ஒட்டாது. வரிசையை மாற்றாதீர்கள். பிறகு ஒரு மணி நேரம் நிழலில் உலர்த்திப் போடலாம்.

போடுவதற்கு முன் ஒரு சோதனை. கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து இருபது உருண்டைகளைப் போட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். தண்ணீர் கலங்கினால் கூழ் போதவில்லை, அல்லது எண்ணெய் சரியாகப் படியவில்லை. இரண்டு மூன்றுக்கு மேல் மூழ்கினால் ஈரம் அதிகம். மிதவைத் தீவனம் கடற்பஞ்சு போல உள்ளே காற்றறைகள் கொண்டது. கிலோவுக்கு 80 மில்லிக்கு மேல் எந்த நீர்மம் சேர்த்தாலும் ஊதி, மூழ்கிவிடும்.

அன்றன்றைக்குத் தேவையானதை அன்றன்றே கலப்பது நல்லது. பூண்டின் சத்து வைக்க வைக்கக் குறையும். ஈரம் பட்ட தீவனம் மூட்டையில் கிடந்தால் பூஞ்சை பிடிக்கும். அதில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் மீனின் ஈரலைக் கெடுக்கும். பூஞ்சை தெரிந்த தீவனத்தை வெயிலில் காயவைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. பூஞ்சை காய்ந்தாலும் நஞ்சு போகாது. கொட்டிவிடுங்கள்.

கேள்வி: தவிடும் கடலைப் பிண்ணாக்கும்தான் எங்கள் தீவனம். பெல்லட் வாங்கக் கட்டுப்படியாகாது. மூலிகை சேர்க்க முடியுமா? – கனகபுரா சாலை வாசகர்

பதில்: முடியும், ஆனால் வாரி இறைத்தால் தண்ணீருக்குத்தான் போய்ச் சேரும். பிண்ணாக்கை முந்தைய இரவே ஊறவைத்து, காலையில் தவிடும் மூலிகைத் தூளும் சேர்த்துக் கெட்டியாகப் பிசைந்து உருண்டை பிடியுங்கள். துளையிட்ட சாக்குப் பையில் வைத்துக் கம்பில் கட்டித் தொங்கவிட்டால் மீன் வந்து கொத்தித் தின்னும். தூள் நைசாக இருக்க வேண்டும். சித்த மருத்துவர்கள் சொல்லும் வஸ்திரகாயம், அதாவது மெல்லிய துணியில் சலித்த பதம். நார் நாராக இருந்தால் மீன் ஒதுக்கும். இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு பையைத் தூக்கிப் பாருங்கள். மிச்சம் இருந்தால் மறுநாள் அந்த அளவைக் குறைத்துவிடுங்கள்.

கேள்வி: பத்தாயிரம் லிட்டர் பயோஃப்ளாக் தொட்டியில் ஜிலேபி (திலாப்பியா) மீன் வளர்க்கிறேன். இரண்டு கிலோ வேப்பிலையைக் கொதிக்கவைத்து அந்தத் தண்ணீரை ஊற்றினேன். மூன்று மணி நேரத்தில் மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. இயற்கைப் பொருள்தானே, ஏன் இப்படி? – ஹொஸ்கோட்டே வாசகர்

பதில்: முதலில் செய்ய வேண்டியவை. ஏரேட்டரை முழு வேகத்தில் விடுங்கள், கூடுதல் காற்றுக் கல் இருந்தால் அதையும் போடுங்கள். தீவனத்தை ஒரு நாள் முழுக்க நிறுத்துங்கள். தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை மாற்றுங்கள். குழாயில் வரும் காவிரித் தண்ணீர் என்றால் குளோரின் இருக்கும். ஒரு பிபிஎம் (லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்) குளோரினுக்கு ஆயிரம் லிட்டருக்கு 7 கிராம் சோடியம் தயோசல்பேட் கரைத்துக் கலந்த பிறகே தொட்டியில் விடுங்கள். போர்வெல் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். நேராக விடாமல் தனித் தொட்டியில் சில மணி நேரம் காற்றடித்துவிட்டு மாற்றுங்கள். அயோடின் சேராத கல்லுப்பு லிட்டருக்கு ஒரு கிராம் வீதம், உங்கள் தொட்டிக்குப் பத்து கிலோ, மூன்று தவணையாகக் கரைத்து ஊற்றினால் மீனின் தவிப்பு கொஞ்சம் தணியும். அடுத்த ஒரு வாரம் அமோனியாவையும் நைட்ரைட்டையும் தினமும் சோதியுங்கள்.

ஏன் இப்படி ஆனது என்பதற்கு மூன்று காரணங்கள் சேர்ந்திருக்கின்றன. வேம்பின் கசப்புச் சத்துகள் அளவு கூடினால் மீனுக்கே நஞ்சு. மீனின் செவுள் மெல்லிய தோல். நாம் கஷாயம் குடித்தால் அது வயிறு, ஈரல் என்று வடிகட்டப்பட்டு ரத்தத்துக்குப் போகிறது. மீன் அதே கஷாயத்தில் முங்கிக் கிடந்து, செவுள் வழியாக நொடிக்கு நொடி இழுக்கிறது. இரண்டாவது, கஷாயத்தில் கரைந்த இலைச்சத்தை பாக்டீரியா தின்னும்போது ஆக்சிஜனைக் குடித்துவிடும். மூன்றாவது பயோஃப்ளாக்குக்கே உரியது. உங்கள் தொட்டியில் அமோனியாவைத் தின்று மீனைக் காப்பது நுண்ணுயிர்க் கூட்டம். கிருமியைக் கொல்லும் எந்தக் கஷாயமும் 'நல்ல கிருமி, கெட்ட கிருமி' என்று பார்க்காது.

'இயற்கைப் பொருள்தானே' என்ற எண்ணத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். குளத்தில் வேண்டாத மீனை அழிக்க ஏக்கருக்கு ஆயிரம் கிலோ இலுப்பைப் பிண்ணாக்கு போடுவது மீன் வளர்ப்பில் பழக்கம். அதிலுள்ள சப்போனின் மீனின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துக் கொன்றுவிடும். காக்காய்க்கொல்லி விதையை ஆற்றில் கரைத்து மீனை மயக்கிப் பிடித்தார்கள். இவையும் இயற்கைதான். மூலிகை தீவனத்தோடு வயிற்றுக்குள் போகட்டும், தொட்டித் தண்ணீருக்குள் வேண்டாம். வேம்பைத் தீவனத்திலும் நாங்கள் பரிந்துரைப்பதில்லை. கசப்பால் மீன் தின்னாது, பாதுகாப்பான அளவுக்கும் கெடுதலான அளவுக்கும் இடையே தூரம் குறைவு.

கேள்வி: சிக்பேட்டை மருந்துக் கடையில் தமிழ்ப் பெயர் சொன்னால் புரியவில்லை. கன்னடத்தில் என்ன கேட்க வேண்டும்? எதெல்லாம் மீனுக்கு ஆகும்? – அல்சூர் வாசகி

பதில்: அந்தக் கடைகளை இங்கே கிரந்திகெ அங்கடி என்பார்கள். கீழாநெல்லிக்கு நெலநெல்லி, நிலவேம்புக்கு நெலபேவு, சீந்தில் கொடிக்கு அம்ருதபள்ளி, நாயுருவிக்கு உத்தராணி, அதிமதுரத்துக்கு ஜேஷ்டமது, மஞ்சளுக்கு அரிசினா, பூண்டுக்குப் பெள்ளுள்ளி. அமுக்கராக் கிழங்கை அஸ்வகந்தா என்றும் தண்ணீர்விட்டான் கிழங்கை சதாவரி என்றும் கேட்டாலே கிடைக்கும்.

இவற்றில் நன்னீர் மீனுக்கு நல்ல ஆதாரம் உள்ளவை பூண்டு, மஞ்சள், இஞ்சி, அமுக்கரா, நாயுருவி விதை, சீந்தில். அமுக்கராவை ரோகு மீனுக்குக் கிலோவுக்கு 1, 2, 3 கிராம் என்று கொடுத்துப் பார்த்த ஆய்வில் 2 கிராமே சிறப்பாக நின்றது. கூடக் கூடப் பலன் கூடாது என்பதற்கு இதைவிட நேரான உதாரணம் இல்லை. நாயுருவி விதைத் தூள் கிலோவுக்கு 5 கிராம் கொடுத்த ரோகுக் குஞ்சுகள் ஏரோமோனாஸ் கிருமியை நன்றாகத் தாங்கின. கீழாநெல்லியை ஈரலுக்காக 3 முதல் 5 கிராம் வரை சேர்க்கிறார்கள். நிலவேம்பு கசப்பு, 2 கிராமைத் தாண்டினால் மீன் தீவனத்தை விட்டு விலகும்.

கடையில் தூளாக வாங்காதீர்கள். சமூலமாகவோ (வேரோடு முழுச் செடியாகவோ) கிழங்காகவோ வாங்கி, பார்த்து, நீங்களே அரையுங்கள். கீழாநெல்லி என்று அதன் இனச் செடிகள் கலந்து வருவது சாதாரணம். இலைக் காம்பின் அடிப்பக்கத்தில் வரிசையாகச் சிறு காய்கள் ஒட்டியிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். நிலவேம்பு கேட்டால் சிலர் சிராயத்தாவைக் கொடுப்பார்கள், அது வேறு செடி. அமுக்கராவை உடைத்தால் உள்ளே வெண்மையாக மாவு தெரிய வேண்டும். பொத்தல் விழுந்து தூள் உதிர்ந்தால் வண்டு அரித்த பழைய சரக்கு.

இன்னொன்று. ஒரே நேரத்தில் ஐந்தாறு மூலிகை கலக்காதீர்கள். ஒன்று அல்லது இரண்டு. மீன் தீவனத்தை மறுத்தால் எதனால் என்று அப்போதுதான் தெரியும்.

கேள்வி: மாடித் தோட்டத்தில் முருங்கை இருக்கிறது. இலையைக் காயவைத்துத் தொட்டி மீனுக்குக் கொடுக்கலாமா? போன ஆகஸ்டில் காயவைத்தது கறுத்து நாறிவிட்டது. – வைட்ஃபீல்டு வாசகி

பதில்: பெங்களூரில் ஜூலை முதல் அக்டோபர் வரை நிழலில் உலர்த்துவதை நம்ப முடியாது. காற்றிலேயே ஈரம். இரண்டு நாளில் காய வேண்டிய இலை நான்கு நாள் கிடந்து புளித்துவிடும். அந்த மாதங்களில் 45 முதல் 50 டிகிரியில் ஓடும் தட்டு உலர்த்தியில் காயவையுங்கள். வெயில் நேராகப் பட்டால் பச்சை வெளுத்துச் சத்தும் போகும். கைக்குள் நொறுக்கினால் சருகுச் சத்தம் வர வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஐந்து கிலோ பச்சை இலை காய்ந்தால் ஒரு கிலோ சுமார்.

முருங்கையிலை மருந்தைவிடத் தீவனம் என்பதே பொருத்தம். உலர்ந்த இலையில் கால் பங்கு புரதம். ஆனால் சப்போனினும் டானினும் உண்டு. திலாப்பியாவுக்குத் தீவனப் புரதத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் முருங்கையிலையால் ஈடுகட்டியபோது வளர்ச்சி குறைந்தது. இலையை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு உலர்த்தினால் சப்போனின் கணிசமாகக் குறையும். தொட்டி மீனுக்குக் கிலோவுக்கு 30 கிராமோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: சமையல் மஞ்சள்தூளையே கொடுக்கலாமா? – ஸ்ரீராமபுரம் வாசகர்

பதில்: பாக்கெட் தூளில் ஸ்டார்ச்சோ நிறமியோ கலந்திருக்க வாய்ப்பு உண்டு. மஞ்சளில் கலப்படம் செய்ய லெட் குரோமேட் பயன்பட்டிருக்கிறது. அது ஈயம், மீனின் உடலில் தங்கி நம் தட்டுக்கு வரும். விரலி மஞ்சள் வாங்கி அரையுங்கள். அளவு கிலோவுக்கு 2 முதல் 5 கிராம்.

மஞ்சளின் குர்குமின் தண்ணீரில் கரையாது, குடலிலும் எளிதில் ஏறாது. எண்ணெயில் கரைத்துத்தான் கொடுக்க வேண்டும். கிலோ தீவனத்துக்கு 15 மில்லி எண்ணெயை வெதுவெதுப்பாக்கி, மஞ்சள்தூளோடு ஒரு சிட்டிகை மிளகுத்தூளும் சேர்த்துக் குழைத்து, பத்து நிமிடம் வைத்துப் பூசுங்கள். மிளகின் பைப்பெரின் குர்குமினைக் குடல் ஏற்க உதவுகிறது. குழம்பில் மஞ்சளும் மிளகும் எண்ணெயும் ஒன்றாகப் போவது நமக்குப் பழகியதுதானே.

கேள்வி: டிசம்பரில் ரோகு மீன்களின் உடம்பில் சிவப்புப் புண். சில ஆழமாகிச் சதை தெரிகிறது. எந்த மூலிகை கொடுத்தால் ஆறும்? – ஆனேக்கல், தொட்டபள்ளாபுரா வாசகர்கள் மூவர்

பதில்: இந்த இதழில் எங்களுக்கு மிக முக்கியமான கேள்வி இது. நேராகச் சொல்கிறோம்: எந்த மூலிகைத் தீவனமும் இதை ஆற்றாது. நோயுற்ற மீன் முதலில் நிறுத்துவது தீனியைத்தான். கரையில் நின்று நீங்கள் போடும் பூண்டுத் தீவனத்தை நலமாக உள்ள மீன் தின்னும், புண் உள்ள மீன் ஓரத்தில் ஒதுங்கி நிற்கும். மூலிகை, தின்கிற மீனுக்குத் தடுப்பு. நோய் வந்த பிறகு மூலிகையை நம்பி ஒரு வாரம் காத்திருந்து குளத்தையே இழந்தவர்களின் கடிதங்கள் எங்களிடம் இருக்கின்றன.

நீங்கள் எழுதிய அடையாளங்கள் அல்சர் நோய்க்கு, அதாவது இயூஎஸ் நோய்க்குப் பொருந்துகின்றன. 1988-இல் இந்தியாவுக்குள் வந்த நோய். அபனோமைசிஸ் என்ற நீர்ப்பூஞ்சை தோலைத் துளைக்க, அந்தப் புண்ணில் ஏரோமோனாஸ் போன்ற பாக்டீரியா ஏறிக்கொள்ளும். தண்ணீர் குளிரும்போதும், மழைக்குப் பின் தண்ணீரின் காரத்தன்மை இறங்கும்போதும் இது கிளம்பும். குளிரில் மீனின் எதிர்ப்பு சக்தி மெதுவாகத்தான் எழும், பூஞ்சைக்கோ அதுதான் உகந்த பருவம்.

செய்ய வேண்டியது: காலையில் பிஎச் பாருங்கள். 7.5-க்குக் கீழே இருந்தால் 16 குண்டெ குளத்துக்கு 16 கிலோ வேளாண் சுண்ணாம்பைக் கரைத்துக் குளம் முழுக்கத் தெளியுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி பார்த்துவிட்டுத்தான் அடுத்த தவணை. பிஎச் 8.5-ஐத் தாண்டியிருந்தால் சுண்ணாம்பு போடவே கூடாது, அமோனியாவின் நஞ்சு ஏறிவிடும். இந்த நோய்க்கென மத்திய நன்னீர் மீன்வள நிறுவனமான சிஃபா உருவாக்கிய சிஃபாக்ஸ் மருந்து உண்டு. ஒரு ஹெக்டேர் பரப்பில் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீருக்கு ஒரு லிட்டர் கணக்கு. உங்கள் குளம் 0.16 ஹெக்டேர், ஆழம் ஒன்றரை மீட்டர் என்றால் 240 மில்லி. நிறையத் தண்ணீரில் கலந்து தெளிக்க வேண்டும். செத்த மீனை அன்றே எடுத்துச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள், கரையில் எறிந்தால் பறவைகள் அடுத்த குளத்துக்குக் கொண்டுபோகும்.

எது என்று உறுதியாகத் தெரிய, சிஃபாவின் வட்டார மையம் ஹெசரகட்டாவில் இருக்கிறது. புண் உள்ள மீன் இரண்டு மூன்றை உயிரோடு, ஆக்சிஜன் அடித்த பையில் கொண்டுபோங்கள். குளத்துத் தண்ணீரைத் தனிப் பாட்டிலில் எடுங்கள். செத்து மணிக்கணக்கான மீனில் எல்லாக் கிருமியும் வளர்ந்திருக்கும், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

மீன் பேன் ஒட்டியிருக்கிறது என்று எழுதியவருக்கும் இதே பதில்தான். தோலுக்கு வெளியே ஒட்டியிருக்கும் பேனைத் தீவனத்தில் உள்ள பூண்டு ஒன்றும் செய்யாது.

கேள்வி: அப்படியானால் மூலிகையை எப்போது தொடங்குவது? வருடம் முழுக்கக் கொடுத்தால் என்ன? – ஓசூர் சாலை வாசகர்

பதில்: வருடம் முழுக்க வேண்டாம். எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் பொருள்களை இடைவிடாமல் கொடுத்தால் தூண்டுதல் மங்கிப் போகும், சில நேரம் முன்பிருந்ததைவிடக் கீழே இறங்கும். நான்கு வாரம் கொடுத்து நான்கு வாரம் விடுங்கள்.

தொடங்கும் நாளை ஆபத்துக் காலத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். நம் பக்கம் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை குளிர். இரவில் 15 டிகிரி வரை இறங்கும். ஆகவே அக்டோபர் நடுவில் தொடங்கினால் குளிர் வரும்போது மீன் தயாராக இருக்கும். டிசம்பரில் தொடங்கினால் மீன் தின்பதே குறைந்துவிட்டிருக்கும். குஞ்சு விடும்போதும், வலை இழுத்து இடம் மாற்றும்போதும் இரண்டு வாரம் முன்பிருந்து கொடுப்பது நல்லது.

கேள்வி: கொய் மீனின் சிவப்பு வெளுத்துவிட்டது. பீட்ரூட், செம்பருத்தி கொடுத்துப் பார்த்தேன். – இந்திராநகர் வாசகி

பதில்: பீட்ரூட்டின் சிவப்பு தண்ணீரில் கரையும் வகை. மீனின் தோலில் நிற்காது, கழிவில் போய்விடும். செம்பருத்தியின் நிறமும் அப்படித்தான். கொய்யின் சிவப்பு கரோட்டினாய்டு என்ற கொழுப்பில் கரையும் நிறமி. மீனால் அதைத் தானே உண்டாக்க முடியாது, தீனியில்தான் வர வேண்டும். ஸ்பைருலினா என்ற நீலப்பச்சைப் பாசித் தூளைக் கிலோவுக்கு 30 முதல் 50 கிராம் கொடுங்கள். அதிலுள்ள ஸீஸாந்தின் என்ற நிறமியைக் கொய்யும் கோல்டு ஃபிஷ்ஷும் சிவப்பாக மாற்றிக்கொள்ளும். நம் ஊரிலேயே கிடைக்கும் பேடகி மிளகாய், காரம் குறைந்து நிறம் நிறைந்தது. விதை நீக்கி அரைத்து 10 கிராம், எண்ணெயில் குழைத்துப் பூசலாம். துலுக்கச் சாமந்தி இதழ் மஞ்சளைத்தான் கூட்டும்.

ஆயுத பூஜை முடிந்ததும் கே.ஆர். மார்க்கெட்டில் சாமந்தி மலைபோலக் குவிந்து கிடக்கும், சும்மாவே அள்ளி வரலாம். ஆனால் பூஜைக்கு வளர்க்கும் பூவுக்குப் பூச்சி மருந்து தாராளமாக அடிக்கிறார்கள். மீன் அதைத் தாங்காது. வீட்டில் வளர்த்த பூ மட்டும் கொடுங்கள்.

நிறம் திரும்ப ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அதற்குள் தண்ணீரைப் பாருங்கள். அமோனியா இருக்கும் தொட்டியில் எந்த நிறமியும் நிற்காது.

கேள்வி: ஜிலேபியை ஆண் மட்டும் ஆக்க ஹார்மோனுக்குப் பதில் பப்பாளி விதை போதுமா? – தேவனஹள்ளி வாசகர்

பதில்: போதாது. பப்பாளி விதை இனப்பெருக்கத்தைக் குறைப்பதாகச் சோதனைகள் உண்டு. அது ஆணாக மாற்றுவது ஆகாது, அளவு கூடினால் வளர்ச்சியும் குன்றும். உரிமம் பெற்ற பண்ணையில் ஆண் குஞ்சாகவே வாங்குங்கள்.

கேள்வி: ஆப்பிரிக்கக் கெளுத்திக்கு என்ன மூலிகை? – பெயர் வேண்டாம் என்ற வாசகர்

பதில்: அதை வளர்ப்பதே தடை செய்யப்பட்டது. ஏரிக்குள் தப்பினால் நாட்டு மீன்களை அழித்துவிடும். பதில் சொல்ல மாட்டோம்.

கேள்வி: 'ஹெர்பல்' என்று போட்ட திரவ மருந்து ஒன்று. மூன்றே நாளில் சாவு நின்றுவிட்டது. தொடரலாமா? – ஆனேக்கல் வாசகர்

பதில்: மூலிகை மூன்று நாளில் சாவை நிறுத்தாது. இவ்வளவு வேகம் தெரிந்தால், உள்ளே ஆன்டிபயாடிக் கலந்திருக்குமோ என்று சந்தேகப்பட வேண்டும். குளோராம்பெனிக்காலும் நைட்ரோபியூரானும் மீன் வளர்ப்பில் தடை. எச்சம் மீனில் தங்கினால் சரக்கே திருப்பி அனுப்பப்படும். லேபிளில் எந்தச் செடி, எந்தப் பாகம், எத்தனை சதவீதம், தொகுதி எண், காலாவதித் தேதி இவை இல்லாத பாட்டிலை வாங்காதீர்கள். வாங்கியதை ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்த பிறகே தொடருங்கள்.

கேள்வி: பூண்டுத் தீவனத்தால் உண்மையில் பயன் இருக்கிறதா, மனத்திருப்தியா? எப்படித் தெரிந்துகொள்வது? – ஹொஸ்கோட்டே வாசகர்

பதில்: பக்கத்தில் மூலிகையில்லாத தொட்டி இல்லாமல் தெரிந்துகொள்ள முடியாது. ஒரே நாளில் வாங்கிய ஒரே குஞ்சை இரண்டு தொட்டியில் சம எண்ணிக்கையில் விடுங்கள். தீவனம் ஒன்றே, அளவு ஒன்றே. ஒன்றில் பூண்டு, கூழ், எண்ணெய். மற்றதில் கூழும் எண்ணெயும் மட்டும். எண்ணெயே மீனைக் கொழுக்க வைக்கும், அதனால் இரண்டிலும் அது இருக்க வேண்டும். தொடக்கத்திலும் நான்காம், எட்டாம் வாரத்திலும் வலையில் வந்த முப்பது மீனை எடை போடுங்கள். பெரியதாகப் பார்த்துப் பொறுக்கக் கூடாது. போட்ட தீவனம் 60 கிலோ, கூடிய எடை 40 கிலோ என்றால் ஒரு கிலோ மீனுக்கு ஒன்றரைக் கிலோ தீவனம் ஆகியிருக்கிறது. இரு தொட்டிக்கும் இந்த எண்ணையும், செத்த மீனின் கணக்கையும் அருகருகே எழுதுங்கள். பூண்டின் செலவைக் கழித்த பிறகும் மிச்சம் இருந்தால் தொடருங்கள். தண்ணீரும் குஞ்சும் நன்றாக உள்ள தொட்டியில் வித்தியாசம் சிறியதாகத்தான் தெரியும், நோய் தட்டிய வருடத்தில்தான் பெரியதாகத் தெரியும்.

கேள்வி: உயிர் மீன் விற்கிறோம். பூண்டு வாசனை வருகிறது என்று ஒரு வாடிக்கையாளர் திருப்பிக் கொடுத்துவிட்டார். – சிவாஜிநகர் வாசகி

பதில்: விற்பதற்குப் பத்து நாள் முன்பே மூலிகையை நிறுத்திவிட்டு வெறும் தீவனம் கொடுங்கள், கடைசி ஒரு நாள் பட்டினி. பூண்டின் கந்தகச் சத்து சதைக் கொழுப்பில் தங்கும், வெளியேறக் காலம் வேண்டும். சேற்று வாசனையைப் பூண்டு வாசனை என்று நினைப்பதும் உண்டு. பிடிப்பதற்கு முந்தின நாள் ஒரு மீனை எடுத்து, தோலோடு ஒரு துண்டை உப்பு, மஞ்சள், புளி எதுவும் போடாமல் மூடிய பாத்திரத்தில் ஆவியில் வேகவையுங்கள். மூடியைத் திறந்த கையோடு முதல் ஆவியை முகருங்கள். பூண்டு நெடி வந்தால் இன்னும் நான்கு நாள் தள்ளிப் போடுங்கள். மழை மண் வாசனை வந்தால் அது பூண்டின் வேலை இல்லை, தண்ணீரில் உள்ள பாசியின் வேலை. மீனைச் சுத்தமான, ஓடும் தண்ணீரில் ஒரு வாரம் விட்டு மறுபடி ஒரு துண்டு வேகவைத்துப் பாருங்கள்.